பிளாக் வராமல் வைரஸ் ஊசி இல்லை

கதிர்வீச்சில் அடங்கியிருந்த அப்பாவின் தொண்டைப் புற்றுநோய், கழுத்தில் கட்டியாகத் திரும்பி வந்தது. லண்டனில் எங்கள் மருத்துவர் ஒரு வைரஸ் ஊசி ஆய்வுக்கு அனுப்பினார். மரபணு மாற்றிய ஹெர்பிஸ் வைரஸைக் கட்டிக்குள்ளேயே செலுத்துவார்கள். அது புற்றணுவுக்குள் பெருகி அதை உடைக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும். இதே வகையான டி-வெக் ஊசிக்கு 2015இல் அமெரிக்கா அனுமதி தந்தது மெலனோமா என்ற தோல் புற்றுக்குத்தான், தொண்டைக்கு அல்ல. சீனாவில் 2005லேயே மூக்குத்தொண்டைப் புற்றுக்கு அடினோவைரஸ் என்ற வேறொரு வைரஸ் ஊசி அனுமதி பெற்றிருக்கிறது. அதைச் சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜெண்ட் யாராவது அழைத்தால், போனை வைத்துவிடுங்கள்.

ரத்தம், இதயப் பரிசோதனை எல்லாம் சுலபமாக முடிந்தன. இழுத்தடித்தது பிளாக். முதல் பயாப்ஸி சென்னையில் எடுத்தது. அப்போது எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கை ஆய்வுக் குழு கேட்டது. சித்தப்பா அனுமதிக் கடிதத்தோடு லேபுக்குப் போனால், "பேஷண்ட் நேர்ல வரணும் சார்" என்றாராம் கவுண்டரில் இருந்தவர். கெஞ்சியதில் ஸ்லைடுகளை மட்டும் கொடுத்தார். சாயம் ஏற்றிய ஸ்லைடு எங்களுக்கு உதவாது, புதிதாகச் சீவி எடுக்க பிளாக்தான் வேண்டும். கடைசியில் அப்பா வீடியோ அழைப்பில் முகம் காட்டி, லேபின் தலைமை மருத்துவர் கையெழுத்துப் போட்ட பிறகே கொடுத்தார்கள். அதற்குள், எடுத்த ஸ்கேன் செல்லுபடியாகும் 28 நாள் கெடு தாண்டிவிட்டது. மறுபடி ஸ்கேன். வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் பிளாக்கை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

முதல் ஊசி நன்றாகவே போனது. அன்று இரவு காய்ச்சல், நடுக்கம். வரும் என்று சொல்லியிருந்தார்கள், ஆனாலும் பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அங்கிருந்த இளம் மருத்துவர் கோப்பில் 'ஹெர்பிஸ்' என்று பார்த்ததும் அசைக்ளோவிர் எழுதப் போனார். போட்ட வைரஸையே முடக்கும் மருந்து அது! ஆய்வுக் குழுவின் எண் இருக்கும் ஆய்வு அட்டையை நீட்டி, "இந்த எண்ணுக்குப் பேசிவிட்டு எழுதுங்கள்" என்று நின்றேன். முகம் சுளித்தார், ஆனால் பேசினார். அப்புறம் பாராசிட்டமால் மட்டும். அந்த அட்டையைக் கோப்புக்குள் வைக்காமல் பர்ஸில் வையுங்கள்.

ஊசி போட்ட இடத்தில் வைரஸ் இருக்கலாம், அதனால் கட்டு மாற்றும்போது கையுறை கட்டாயம். அண்ணி கர்ப்பமாக இருப்பதால் அந்தப் பக்கமே விடுவதில்லை.

ஒன்று விட்டுப்போனது. டாக்ஸி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் ஆய்வில் பயணச் செலவைத் திருப்பித் தருகிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித்தான் அதுவே எங்களுக்குத் தெரிந்தது.