குளோரினேட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே உப்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள்

நீலாங்கரையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சின்ன நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது, 50,000 லிட்டர் பிடிக்கும். உப்புத் தண்ணீர் முறை, அதாவது குளோரினேட்டர் என்ற இயந்திரம் தண்ணீரில் கரைந்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினை உண்டாக்கும். கடல் மாதிரி கரிக்குமோ என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கரிக்காது. கடலில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். குளத்தில் 3 முதல் 4 கிராம்தான்.

இந்த மே மாதம் குளோரினேட்டரில் 'உப்புக் குறைவு' விளக்கு எரிந்தது. தண்ணீரில் லேசாகப் பச்சை தட்டியது. சர்வீஸுக்கு வந்த தம்பி பார்த்த உடனே, "ரெண்டு மூட்டை உப்பு கொட்டுங்க சார், சரியாயிடும்" என்றார்.

எனக்கு அது பொருந்தவில்லை. குளோரினேட்டரின் செல்லில், அதாவது மின்சாரம் பாயும் தகடுகள் உள்ள பகுதியில், உப்பிலிருந்து பிரியும் குளோரின், கிருமியைக் கொன்ற பிறகு மறுபடி உப்பாகவே மாறிவிடுகிறது. வெயிலில் ஆவியாவதும் தண்ணீர் மட்டும்தான். கசிவு, ஃபில்டர் பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவுவது), மழையில் குளம் வழிவது, இப்படித்தான் உப்பு வெளியேறும். சொட்டு மழை இல்லாத மே மாதத்தில், கசிவும் இல்லாதபோது, உப்பு எங்கே போயிருக்கும்? டெஸ்ட் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்தோம். 3,400 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 3.4 கிராம். போதுமான அளவு.

பம்பையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு செல்லைக் கழற்றினோம். தகடுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு, ஹீட்டர் கம்பியில் படிவது போலவே. இயந்திரம் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தகடுகளுக்கு நடுவே எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. சுண்ணாம்பு அடைத்தால் மின்சாரம் குறையும், அது உப்புக் குறைவு என்று காட்டும். அதை நம்பி மூட்டை மூட்டையாகக் கொட்டினால் உப்பு அளவுக்கு மீறிப் போய்விடும். பிறகு பாதித் தண்ணீரை இறைத்து விடுவதைத் தவிர வழியில்லை. மே மாதத்துச் சென்னையில் அது பாவம்.

தம்பி ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுரண்டப் போனார், தடுத்துவிட்டேன். டைட்டானியம் தகட்டின் மேல் ருத்தேனியம் போன்ற உலோக ஆக்சைடு பூச்சு இருக்கிறது. குளோரினை உண்டாக்குவதே அந்தப் பூச்சுதான். கீறல் விழுந்தால் செல்லின் ஆயுள் போச்சு, புதுசு வாங்க நிறையச் செலவாகும். எங்கள் கையேட்டில் சொன்னபடி பிளாஸ்டிக் வாளியில் நான்கு பங்கு தண்ணீர் எடுத்து, அதில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை மெதுவாக ஊற்றினோம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் தெறிக்கும். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் குளோரின் பவுடர் இருக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் விஷவாயு வரும். ஒயர் முனை நனையாமல் செல்லை முக்கினோம். புஸ்ஸென்று நுரைத்தது. நுரை அடங்கியதும் எடுத்துக் கழுவிப் பார்த்தால் தகடுகள் கருஞ்சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தன. மாட்டிய பிறகு விளக்கு அணைந்துவிட்டது.

ஆனால் சுண்ணாம்பு எப்படி வந்தது என்று பார்க்காவிட்டால் அது திரும்ப வரும். தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச் 8.2 இருந்தது. அது ஏறினால் சுண்ணாம்பு சுலபமாகப் படியும். உப்பு முறையில் பிஹெச் தானாகவே ஏறும், 7.2 முதல் 7.6க்குள் வைக்க அடிக்கடி கொஞ்சம் ஆசிட் விட வேண்டும். இன்னொன்று, நாம் ஊற்றும் தண்ணீர். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் பெரும்பாலும் கடினமானவை. ஆவியான அளவுக்கு ஊற்ற ஊற்ற கால்சியம் குளத்திலேயே சேர்ந்துகொண்டே போகும். மொட்டை மாடி மழைநீரை, முதல் மழையைக் கழித்துவிட்டு, வடிகட்டிச் சேர்த்துக் குளத்துக்கு விடுவதுதான் நல்லது என்பேன், அதில் கால்சியம் மிகக் குறைவு.

பச்சை தட்டியதில் வெயிலுக்கும் பங்கு உண்டு. சயனூரிக் ஆசிட், அதாவது ஸ்டெபிலைசர், குறைவாக இருந்தால் செல் உண்டாக்கும் குளோரினை நம்மூர் வெயில் சில மணி நேரத்திலேயே தின்றுவிடும். எங்கள் குளத்தில் அதுவும் குறைவாகவே இருந்தது. உயர்த்திய பிறகுதான் தண்ணீர் தெளிந்தது.

உப்பு உண்மையிலேயே குறைவது ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் வழியும்போதுதான். அப்போதும் அளந்துவிட்டுச் சேருங்கள். 2,400 பிபிஎம்மிலிருந்து 3,200க்கு ஏற்ற, 50,000 லிட்டருக்கு 40 கிலோ வேண்டும். அயோடின் சேர்க்காத, சுத்திகரித்த உப்பாகப் பாருங்கள். உப்பளத்துக் கல்லுப்பு விலை குறைவுதான், ஆனால் அதோடு கால்சியமும் மண்ணும் வரும்.