ஃபார்மலினில் விழும் வரை

என் ஆய்வேட்டுக்கு எடுத்த கேள்வி கேட்க எளிது: வாய்ப் புற்றுநோய்க் கட்டிகளில் எவற்றுக்குள் ஆக்சிஜன் குறைவாக இருக்கிறது? ரேடியேஷன் கொடுப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆக்சிஜன் கிடைக்காத செல்லைக் கொல்ல, மற்ற செல்லுக்குத் தேவைப்படுவதைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும்.

கட்டிக்குள் ஊசி செருகி அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதனால் ஆக்சிஜன் குறையும்போது ஏறுகிற புரதங்களைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்: திசுவில் ஹிஃப்-1 ஆல்ஃபா, அது தூண்டிவிடும் சிஏ 9 என்று இரண்டு, ரத்தத்தில் ஆஸ்டியோபான்டின் என்று ஒன்று. ஆக்சிஜன் இருக்கும்போது ஹிஃப்-1 ஆல்ஃபாவைச் செல் உண்டாக்கிய கையோடு அழித்துவிடும்; சில நிமிடம்தான் அதன் ஆயுள். ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பது நின்று, உட்கருவில் சேரும். செல்கள் இப்படி ஆக்சிஜனை உணர்வதைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் கிடைத்தது.

முதல் தடவை 12 ஸ்லைடுக்கு ஹிஃப்-1 ஆல்ஃபா சாயம் ஏற்றினேன். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். எல்லாவற்றிலும் உட்கரு பழுப்பு. எனக்கு ஒரே சந்தோஷம். என் வழிகாட்டி மேடம் மைக்ராஸ்கோப்பில் ரத்தக்குழாயை ஒட்டிய செல்களைக் காட்டினார். ஆக்சிஜன் நன்றாகக் கிடைக்கும் அவையும் பழுப்பு. "வெட்டி எடுத்து எவ்வளவு நேரம் கழிச்சும்மா ஃபார்மலின்ல போட்டாங்க?" என்று கேட்டார். திசுவை அப்படியே உறையவைத்துக் காக்கும் திரவம் ஃபார்மலின். என்னிடம் பதில் இல்லை. குறிப்பேட்டில் தேதி மட்டும்தான் இருந்தது.

மறுவாரம் ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே நின்றேன். கட்டி வெளியே வந்தது. ஈரத் துணி போர்த்திய தட்டில் 50 நிமிடம் கிடந்தது. அந்த நேரம் முழுக்க செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, ரத்தம்தான் இல்லை. போதாததற்கு, கட்டியை எடுக்கும் முன்பே சர்ஜன் ரத்தக்குழாய்களைக் கட்டிவிடுகிறார். நான் பார்த்த பழுப்பில் எவ்வளவு நோயாளியின் உடம்பில் வந்தது, எவ்வளவு தட்டில் வந்தது என்று பிரிக்கவே வழியில்லை. 12 ஸ்லைடையும் ஒதுக்கினோம். அப்புறம் ஆபரேஷனுக்கு முந்தைய பயாப்ஸி மட்டும்தான். எடுத்த துண்டு நேராக ஃபார்மலின் பாட்டிலுக்குள் விழும்.

சிஏ 9 நிதானமானது. மெதுவாகச் சேர்ந்து மெதுவாகத்தான் மறையும், அரை மணி தாமதத்துக்கு அசையாது. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிறுநீரகப் புற்றுநோய்த் திசு ஒன்றை வைத்திருந்தோம். அதில் ஹிஃப்பை அழிக்க உதவும் விஹெச்எல் மரபணு பழுது, அதனால் ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் சிஏ 9 ஏறிவிடும். அந்த ஸ்லைடு முழுக்கப் பழுப்பாக வந்ததைப் பார்த்தபோதுதான், நாம் பார்ப்பது ஆக்சிஜனை அல்ல, செல் அதற்குக் கொடுக்கும் பதிலை என்பது எனக்கு உறைத்தது.

ரத்தத்தில் மூன்று வார உழைப்பு போயிற்று. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தத்தை உறையவிட்டு சீரம் எடுத்தேன். உறையும்போது உண்டாகும் த்ராம்பின் ஆஸ்டியோபான்டினை வெட்டிவிடுகிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். ரத்தத்தை உறையவிடாத ஊதா மூடி ஈடிடிஏ குழாய்க்கு மாறி, பிளாஸ்மாவில் மறுபடி ஆரம்பித்தோம். டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் பிளாஸ்மாவில் இது அதிகமாக இருந்தவர்களுக்கு ரேடியேஷனோடு, ஆக்சிஜன் குறைந்த செல்களைக் கதிருக்கு மசியவைக்கும் நிமொரசோல் மாத்திரை பலன் தந்ததாக 2005இல் வெளியிட்டார்கள். ஆக்சிஜன் குறைந்த செல்களைக் குறிவைக்கும் டிராபசமைன் மருந்தை வைத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. வீக்கத்திலும் ஏறுகிற புரதம் இது. அதனால் ரத்தத்தில் வந்த அளவை மட்டும் நம்பி நான் எதையும் எழுதுவதில்லை.

ஒன்பதாவது பயாப்ஸியின் சிஏ 9 ஸ்லைடு மறக்காது. ரத்தக்குழாயைச் சுற்றி நீல உட்கருக்கள் மட்டும். சுமார் 90 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தள்ளி, செல் விளிம்புகளில் மீன்வலை போலப் பழுப்பு தொடங்கியது. 170ஐ நெருங்கும்போது செத்த செல்கள். டாம்லின்சனும் கிரேயும் 1955இல் நுரையீரல் புற்றுநோய்த் திசுவில் இப்படித்தான் அளந்து, உயிருள்ள செல்கள் ரத்தக்குழாய்ப் பக்கத்திலிருந்து 180 மைக்ரானுக்கு அப்பால் இல்லை என்று எழுதினார்கள். நான் மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, பயாப்ஸி படிவத்தில் நான் பேனாவால் கோடு போட்டுச் சேர்த்திருந்த இரண்டு கட்டங்களைத் தேடினார். வெட்டிய நேரம் 10.42, ஃபார்மலின் நேரம் 10.43.