நாற்பது ஐடியாக்களில் ஒளிந்திருக்கும் ஒரு கரு

ஸ்கெட்ச் நோட்டில் பாதி வரைந்த பறவை, அடுத்த பக்கத்தில் லினோகட் (லினோலியம் தகட்டைச் செதுக்கி அச்செடுக்கும் முறை) செய்ய நினைத்த ஜன்னல், அதற்கும் அடுத்து துணி ஒட்டிச் செய்யலாம் என்று குறித்துவைத்த ஏதோ ஒன்று. இப்படி ஐடியாக்கள் குவிந்து தவிப்பவர்களிடம் "ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் பன்னிரண்டு படத் தொடர் ஒன்றுக்காக உட்கார்ந்து யோசித்து எடுத்த கரு பெரும்பாலும் இரண்டாவது படத்திலேயே அலுத்துவிடும். ஏற்கெனவே செய்துவைத்த வேலைகளைக் கிளறி எடுக்கும் கருதான் நிலைக்கும்.

முதலில் எல்லா ஐடியாக்களையும் சீட்டுகளில் இறக்கிவையுங்கள், ஒரு சீட்டுக்கு ஒன்று. "கடல்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "அலை திரும்பும்போது மணலில் விட்டுப்போகும் கோடு, கரித்துண்டு" என்பதுபோல், கண்ணில் படும் காட்சியும் வரையப்போகும் ஊடகமும் அதில் இருக்க வேண்டும். கூடவே, சமீபத்தில் செய்த இருபது முப்பது வேலைகளைத் தபால் அட்டை அளவில் அச்சிட்டு, சீட்டுகளோடு தரையில் பரப்புங்கள். பாதியில் விட்டவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். பலமுறை முயன்றும் முடியாமல்போன ஒரு படம், சுலபமாக முடிந்த ஐந்து படங்களைவிட உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

பரப்பியதை மூன்று முறை பிரிக்க வேண்டும். முதலில் என்ன பொருள் என்று பார்த்து, அடுத்து என்ன ஊடகம் என்று பார்த்து. இவை இரண்டும் சட்டென்று முடிந்துவிடும், பெரிதாக எதுவும் கிடைக்காது. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது: ஒவ்வொரு படத்திலும் என்ன நடக்கிறது? பாதி திறந்த ஜன்னல், கூட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் பறவை, படிக்கட்டில் கழற்றிப்போட்ட செருப்பு. பொருளை வைத்துப் பிரித்தபோது இவை மூன்று குவியல்களில் கிடந்தன. நடப்பதை வைத்துப் பிரித்தால் மூன்றும் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே நிற்பவை, ஒரே குவியல். "எல்லாவற்றிலும் நீலம் இருக்கிறதே" என்று நிறத்தைக் கருவாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பல நேரம் அது கைப்பழக்கம்தான். தட்டில் எப்போதும் இருக்கும் டியூபுக்குக் கை தானாகப் போகிறது.

கிடைத்த கருவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இயற்கை", "நினைவு" போன்ற சொற்கள் எதையும் உள்ளே விட்டுவிடும். பதினைந்து நிமிடத்தில் அந்த வாக்கியத்துக்குப் பத்து சிறு படங்களைத் தீப்பெட்டி அளவில் கிறுக்கிப் பாருங்கள். நான்கிலேயே நின்றுவிட்டால் கரு குறுகலானது. பத்தும் வந்து, கூடவே பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளும் அதற்குள் அடங்கினால் அது மிகவும் அகலமானது. கால்வாசி சீட்டுகள் பொருந்துகிற அளவு நல்ல அளவு.

அடுத்தது, எதை மாற்றாமல் வைப்பது என்ற முடிவு. என் கணிப்பில் ஒரு தொடரின் உயிர் இதில்தான் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1892லும் 1893லும் பிரான்சின் ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை மீண்டும் மீண்டும் வரைந்தார். முப்பதுக்கு மேற்பட்ட அந்த ஓவியங்களில் முகப்பு அதேதான், வெளிச்சம்தான் மாறுகிறது. ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950 முதல் 1976இல் இறக்கும்வரை, சதுரத்துக்குள் சதுரம் என்ற ஒரே அமைப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளைச் செய்தார். அவற்றில் முக்கியமாக மாறுவது நிறம். இரண்டு மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றினால், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பார்ப்பவரின் கண் அலையும்.

நீர்வண்ணத்தில் தொடங்குபவர்களுக்கு ஓர் ஏற்பாடு: ஏ5 அளவு, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள், மூன்றே டியூபுகள் – அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்). முதல் இரண்டையும் கலந்தால் சாம்பலிலிருந்து கிட்டத்தட்ட கறுப்புவரை கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். தனியாகக் கறுப்பு வேண்டாம். நீலமும் ஓக்கரும் மங்கலான பச்சையைத் தரும், பளிச்சென்ற பச்சை வரவே வராது. அந்தக் குறைதான் படங்களை ஒரே குடும்பமாக்குகிறது. மாற்றுவதற்கு ஒன்றை மட்டும், உதாரணமாகத் தூரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படத்தைப் பெரிதாக, முழுதாக முடித்துவிடாதீர்கள். முடித்தால் மற்றவை அதன் நகல்களாகிவிடும். நான்கைந்து தாள்களை அருகருகே வைத்து, ஒன்று காயும்போது அடுத்ததற்குப் போங்கள். ஒன்றில் கிடைத்தது சூடு ஆறுமுன் மற்றொன்றுக்குள் போய்விடும்.

நான்காவது ஐந்தாவது படத்தில் அலுப்பு தட்டும். சரியாக அப்போதுதான் புதிய ஐடியா ஒன்று மின்னிக்கொண்டு வரும். அதை விரட்ட வேண்டியதில்லை. சீட்டில் தேதியோடு எழுதி ஒரு பெட்டியில் போட்டுவிட்டு, பன்னிரண்டு படம் முடிந்தபின் திறந்து பாருங்கள். அலுப்பு நிஜமானால் கருவைத் தொடாமல், மாற்றிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றைத் தீவிரமாக்குங்கள்: பத்தடி தள்ளி நின்று பார்த்த வாசற்படியை, அதன் விரிசல் மட்டும் தாளை நிரப்பும்படி வரையுங்கள். வெறும் கைப்பயிற்சிக்குக் கருவே தேவையில்லை, அதற்குத் தனி நோட்டு வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டையும் பரப்பிக் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். எல்லாம் ஒரே நடுச்சாம்பலாகத் தெரிந்தால் கருமையும் வெளிச்சமும் போதவில்லை. ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். மற்றவை இறுகிச் சேர்ந்தால் அது வேறு தொடருக்கு உரியது, பெட்டிக்குள் போகட்டும். மற்றவை சப்பென்று ஆகிவிட்டால், தொடர் போக வேண்டிய திசை அந்தப் படம்தான். அதில் என்ன மாறியது என்று பின்பக்கம் எழுதிவைத்து, அடுத்த ஐந்து தாள்களை அதிலிருந்து தொடங்குங்கள்.