பதினைந்து மாதப் படிப்புக்கு மூன்று வருட வாசல்

"பி.காம். படிச்சா என்ன? ஏதோ ஒரு டிகிரி கையில இருந்தா பதினஞ்சு மாசத்துல நர்ஸ் ஆயிடலாம்."

நியூஜெர்சியின் எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டுக் கடையொன்றில் கடைசியாகக் கிடந்த முருங்கைக்காய்க் கட்டுக்கு இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டியதில் பழக்கமான சேச்சி சொன்னது இது. கோட்டயத்துக்காரர். கோயமுத்தூரில் நான்கு வருடம் வேலை பார்த்ததால் தமிழ் சரளமாக வரும். இங்கே ஐ.சி.யூ.வில் நைட் ஷிஃப்ட். அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தப் பதினைந்து மாதம் தொடங்கவே எனக்கு மூன்று வருடம் பிடித்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கு ஏ.பி.எஸ்.என். என்று பெயர். வேறு ஏதாவது துறையில் பட்டம் வாங்கியவர்களை 12 முதல் 18 மாதங்களில் பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலை) ஆக்கிவிடும் ஆக்சிலரேட்டட் படிப்பு. 1971இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் தொடங்கி வைத்தது. இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. முதல் பட்டத்தில் படித்த பொதுப் பாடங்களைக் கழித்துவிட்டு நர்சிங்கை மட்டும் கோடை விடுமுறைகூட இல்லாமல் அடுக்குவதால்தான் இந்த வேகம். முடித்ததும் என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் தேறினால் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ். இதெல்லாம் கல்லூரி விளம்பரத்திலேயே இருக்கும். "பிரீரெக்விசிட் (முன்கூட்டியே படிக்க வேண்டிய பாடங்கள்) முடித்திருக்க வேண்டும்" என்ற வரி மட்டும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

நான் 2016இல் ஹெச்-4 விசாவில், அதாவது வேலை விசாக்காரரின் மனைவியாக வந்தவள். அந்த விசாவில் படிக்கலாம், வேலைக்குப் போகக் கூடாது. கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) ஒப்புதலானால் நமக்கும் வேலை அனுமதி அட்டை கிடைக்கும் என்ற விதி 2015 மே மாதம்தான் வந்தது. எனக்கு அட்டை கிடைத்தபோது 2020. கையில் எம்.காம்., நான்கு வயதுப் பையன், விருதுநகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் கணக்குப் பார்த்த அனுபவம். இங்கே அதை யாரும் சீந்தவில்லை.

நர்சிங் படிக்கப் போவதாக அத்தையிடம் போனில் சொன்னபோது முதலில் சத்தமே இல்லை. பிறகு, "எம்.காம். படிச்ச புள்ளைக்கு எதுக்கும்மா அடுத்தவங்க மூத்திரம் அள்ற வேலை?" என்றார். தன் மாமனாருக்கு ஆறு வருடம் அதைச் செய்தவர்தான் அவர். வீட்டில் செய்தால் கடமை, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால் கேவலம். இது எந்தக் கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

முதல் வாசல் டிரான்ஸ்கிரிப்ட். இந்தியப் பட்டத்தை வெஸ் மாதிரியான நிறுவனத்தில் கொடுத்து, பாடவாரியாக மதிப்பிட்டு வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின் மேல் சீல் வைத்துத் தர வேண்டும். தம்பி பஸ் ஏறிப் போனான். சலான் ஒரு நாள், கையெழுத்து ஒரு நாள், "செக்‌ஷன் ஆபீசர் லீவு" இரண்டு நாள். நான்காவது தடவை உறை கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய், மார்க்கெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அக்கறையாகப் பிரித்துப் பார்த்துவிட்டான். "அக்கா, எல்லாம் கரெக்டா இருக்கு" என்று சந்தோஷமாக போட்டோவும் அனுப்பினான். பிரித்த உறை செல்லாது. சலானிலிருந்து மறுபடியும்.

பெயர்த் தகராறு தனி. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயர், சர்டிஃபிகேட்டில் வெறும் "எம்." அந்த ஒற்றை எழுத்துதான் என் அப்பா என்று நோட்டரி முன்னால் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். நம் மூன்று வருடப் பட்டம் எப்போதும் அமெரிக்க இளங்கலைக்குச் சமமாக எண்ணப்படுவதில்லை. கல்லூரிக்கு நாக் அமைப்பு கொடுத்த தரம், நாம் வாங்கிய வகுப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். என்னைக் காப்பாற்றியது எம்.காம். மாப்பிள்ளை அமையும்வரை பிள்ளை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று அப்பா சேர்த்துவிட்ட படிப்பு அது. பதினைந்து வருடம் கழித்து நியூஜெர்சியில் பலன் கொடுத்தது.

அடுத்தது பாடங்கள். அனாட்டமி அண்ட் பிசியாலஜி இரண்டு செமஸ்டர், மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், நியூட்ரிஷன், வளர்ச்சி உளவியல். வணிகவியல்காரிக்கு இதில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒன்றுதான் தெரிந்த முகம். அதுவும் பழையதாகிவிட்டதால் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். நம்மூரில் உயிரியல் படித்தவர்களுக்கும் இதே நிலைதான் வரக்கூடும். அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு மேல் பழசானால் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. 2021 இலையுதிர் காலத்தில் எங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் போய்ப் படிப்பதைவிட அங்கே கட்டணம் மிகக் குறைவு. வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரனுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு முப்பத்தைந்து.

லேபில் இருவருக்கு ஒரு ஆட்டு இதயம். தட்டில் வைத்ததும் பையன் முகம் வெளுத்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துப் பையில் போட்டுத் தருவதுதான் ஞாபகம் வந்தது. வாடை மட்டும் வேறு. பதப்படுத்திய மருந்தின் நெடி மூன்று நாள் தலைமுடியை விட்டுப் போகவில்லை. கத்தியை நான்தான் வாங்கினேன். நீளவாக்கில் பிளந்து கட்டை விரலை உள்ளே விட்டால், வலப்பக்கச் சுவர் மெல்லிசு, இடப்பக்கம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடிமன். வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடது பக்கம் உடம்பு முழுவதற்கும் தள்ள வேண்டும். புத்தகத்தில் நாலு தடவை படித்தும் ஏறாதது விரலுக்கு ஒரே நொடியில் புரிந்தது. வால்வு பின்பக்கம் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிக்கும் வெள்ளை இழைகளும் தெரிந்தன. பூக் கட்டும் வாழைநாரைக் கிழித்தால் வருமே, அவ்வளவு மெல்லிசு. இழுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை.

தேர்வில் ஒவ்வொரு உறுப்பிலும் எண் போட்ட ஊசி குத்தியிருக்கும். ஒரு நிமிடம், மணி அடிக்கும், அடுத்த மேசை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம் படித்த எனக்கு உறுப்பு தெரியும், ஸ்பெல்லிங் தெரியாது. பிரேக்கியோசெஃபாலிக் என்று எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். ஒரு எழுத்து பிசகினாலும் அரை மார்க் போச்சு. முதல் செமஸ்டரில் பி பிளஸ். விதிப்படி நாலுக்கு 3.0 ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) போதும் என்பார்கள், வரிசையில் நிற்பவர்கள் 3.7, 3.8 வைத்திருப்பார்கள். உறுப்புப் பெயர்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டினேன். இரண்டாம் செமஸ்டரில் ஏ வந்தது. பையன் பள்ளியில் கீழே விழுந்து வந்து "அம்மா, டிபியால அடி" என்றான். முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு அது.

அதற்கப்புறம் டீஸ் என்ற நுழைவுத் தேர்வு. 170 கேள்விகள், 209 நிமிடங்கள். வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம். நான் பயந்தது ஆங்கிலத்துக்கு; கவிழ்த்தது கணக்கு. கணக்குப் பிள்ளை வேலை பார்த்தவளை கப், பைன்ட், குவார்ட், கேலன் என்று நிறுத்தி வைத்தார்கள். இரண்டு கப் ஒரு பைன்ட், இரண்டு பைன்ட் ஒரு குவார்ட் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, இது அப்பத்தா அரிசி அளந்த கணக்குதானே என்று உறைத்தது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எல்லாம் இரட்டிப்புதான். அதற்குப்பின் தடுமாறவில்லை.

விண்ணப்பத்தோடு கட்டுரை ஒன்று கேட்பார்கள். "சிறு வயதிலிருந்தே எனக்குச் சேவை மனப்பான்மை அதிகம்" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு காலேஜின் எழுத்துப் பயிற்சி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த வயதான அம்மா முழுவதும் படித்துவிட்டு, "இது யார் எழுதினாலும் இப்படித்தானே இருக்கும்? நீங்கள் பார்த்தது எது?" என்று கேட்டார். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதைத் தொடவேயில்லை.

நான் பார்த்தது எழுதக்கூடியதாக இல்லை. பி.காம். இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பத்தா பக்கவாதத்தில் விழுந்தது. பகலில் அம்மா, இரவில் நான். ராத்திரியில் எழுந்து ஒருக்களித்துப் படுக்கவைப்பது என் பொறுப்பு. பரீட்சை வாரத்தில் நான்கு நாள் நான் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் உடம்பு துடைத்த அம்மா, முதுகுத்தண்டு முடியும் இடத்தில் தோல் போயிருந்ததைக் காட்டினார். யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பத்தாவுக்குப் பேச்சு இல்லை. நியூஜெர்சியில் சி.என்.ஏ. (நர்சிங் உதவியாளர்) சர்டிஃபிகேட்டுக்காக 90 மணி நேரப் பயிற்சியில் உட்கார்ந்தபோது, அசைய முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டும் என்று ஆசிரியர் போர்டில் எழுதினார். குறிப்பெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு இரவுகளைத்தான் கடைசியில் கட்டுரையாக எழுதினேன்.

முதல் சுற்றில், 2023இல், மூன்று இடத்துக்குப் போட்டேன். இரண்டு மறுப்பு, ஒரு காத்திருப்போர் பட்டியல். அந்தப் பட்டியல் நகரவேயில்லை. அந்தச் சமயத்தில் வாட்ஸாப் குழுவில் ஒருவர், பிரீரெக்விசிட்டும் வேண்டாம், டீஸும் வேண்டாம் என்று ஒரு காலேஜ் லிங்கை அனுப்பினார். அந்த வருட ஜனவரியில்தான் புளோரிடாவில் நர்சிங் பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ் விற்ற வழக்கில் 25 பேர் மீது குற்றம் சாட்டியிருந்தார்கள். சேச்சி லிங்கைப் பார்த்துவிட்டு, "சி.சி.என்.இ. இல்ல ஏ.சி.இ.என். அங்கீகாரம் உண்டோன்னு பாரு. இல்லாட்டி தொடாதே" என்றார். இல்லை. தொடவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெச்-4காரர்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடனோ உதவித்தொகையோ கிடையாது. பல இடங்களில் மொத்தக் கட்டணம் 40,000 டாலரைத் தாண்டும், தனியாரில் அதற்கும் வெகு மேலே. வீடு வாங்கச் சேர்த்திருந்ததில் கை வைத்தோம். அதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டாம் சுற்றில் ஜூமில் நேர்காணல். இரண்டு பேராசிரியைகள். ஒருவர் என் கட்டுரையின் அச்சுப்பிரதியைக் கையில் வைத்திருந்தார். "அந்த வாரம் திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்?" என்றார். தூங்காமல் விழித்திருப்பேன் என்ற பதில்தான் நாக்கு நுனிவரை வந்தது. அது பொய் என்று எனக்கே தெரிந்தது. "என்னால் தனியாக முடியவில்லை என்று முதல் நாளே அம்மாவிடம் சொல்லியிருப்பேன்" என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. 2024 செப்டம்பர் வகுப்பில் இடம். கை துடைத்துவிட்டு இரண்டாம் தடவை படித்தேன். கீழே, முன்பணம் கட்டக் கெடு, அதற்கும் கீழே இன்னொரு நீளப் பட்டியல்: கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை, பி.எல்.எஸ். (உயிர்காக்கும் முதலுதவி) அட்டை, தடுப்பூசிச் சான்றுகள், காசநோய்ப் பரிசோதனை, போதைப்பொருள் சோதனை.

அம்மை, ஹெபடைட்டிஸ் ஊசியெல்லாம் போட்டதற்கு ஊரில் அட்டை எங்கே இருக்கிறது? ரத்தத்தில் எதிர்ப்பாற்றலை அளந்து நிரூபித்தேன். காசநோய்க்கு முன்கையில் ஊசி குத்திப் பார்த்தார்கள். இரண்டு நாளில் ஐந்து ரூபாய் நாணயம் போலத் தடித்தது. பார்த்த இளம் நர்ஸ் பயந்துவிட்டாள். இடது தோளிலிருக்கும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைக் காட்டி, எங்கள் ஊரில் குழந்தை பிறந்ததும் போடுவார்கள், அதனால் இப்படி வீங்கலாம் என்று விளக்கினேன். பி.சி.ஜி.யால் குழம்பாத ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதை எடுத்ததில் ஒன்றுமில்லை என்று வந்தது. இங்கே இந்தப் படிப்புக்கு வரும் நம்மவர்கள் முதலிலேயே அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கினால் ஒரு வாரப் பதற்றம் மிச்சம்.

போதைப்பொருள் சோதனைக்கு முன்னால் சேச்சி போன் செய்தார். "கசகசா போட்டு ஒண்ணும் கழிக்கண்டா." கழிப்பது என்றால் அவர்கள் பாஷையில் சாப்பிடுவது. கசகசாவில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிறுநீரில் காட்டிக் கொடுத்துவிடுமாம். தேங்காய் அரைத்த குருமாவை இரண்டு வாரம் நிறுத்தினேன். பையன் அதற்குத்தான் அதிகம் கோபித்துக்கொண்டான்.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்த இரவில் ஊருக்கு அழைத்தேன். ஸ்பீக்கரில் அம்மாவும், எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தையும்.

"அப்ப ஊசி போடக் கத்துக்கிட்டியா?" என்றார் அத்தை.

"இன்னும் காலேஜே தொறக்கல, அத்தை."

"மூணு வருசமா என்னதான் படிச்ச?"