பச்சைக் கதவால் போன தேர்வு

தரையிலிருந்து ரேடியோவில் போர் விமானிகளுக்கு இலக்கைக் காட்டி, தாக்க அனுமதி கொடுப்பவருக்கான தேர்வு இது. நேற்று முடிவு வந்தது. தேறிவிட்டேன், இரண்டாவது முறையில். எழுத்துத் தேர்வில் எனக்கு எப்போதுமே தகராறு இல்லை. சிமுலேட்டரில் நகரம் வந்ததும்தான் முதல் முறை விழுந்தேன். ஒன்பது வரியை, அதாவது விமானிக்குத் தாக்குதல் விவரம் சொல்லும் படிவத்தை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெருமுனையிலிருந்து பார்த்தால் இலக்கு பளிச்சென்று தெரிந்தது: மூன்று மாடி, பச்சைக் கதவு. அதையே ரேடியோவில் சொன்னேன். பதினைந்தாயிரம் அடியில் சுற்றும் விமானிக்குக் கதவு எங்கே தெரியும்? அவருக்குத் தெரிவது கூரையும் நிழலும்தான். தெரியவில்லை என்றார், நான் கதவையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். கடைசியில் "தெரிகிறது" என்றார். அனுமதி கொடுத்தேன். அவர் பார்த்தது அடுத்த தெருக் கட்டடம். அதில் இருந்தது நம் ஆட்கள். சிமுலேட்டர்தான், ஆனாலும் அன்றிரவு தூக்கமில்லை.

அப்புறம் ஆறு வாரம் வேறெதுவும் படிக்கவில்லை. தினமும் ஒரு நகரத்தின் செயற்கைக்கோள் படத்தை எடுத்து, கட்டடங்களுக்கு எண் போட்டு, கூரைகளை மட்டும் வைத்து வழி சொல்லிப் பழகினேன். ரவுண்டானாவில் தொடங்கி, சந்திப்புகளை எண்ணி, கடைசியில்தான் கூரை. பேசிப் பழகுபவர்களுக்கு இது அலுக்கலாம். எனக்கு வரைந்தால்தான் மண்டையில் ஏறும்.

மற்றவை:
- நான்காம் வரியில் (இலக்கின் உயரம்) தெருமட்ட உயரத்தை எழுதிவிடாதீர்கள். இலக்கு மேல்மாடி என்றால் சாய்வாக வரும் குண்டு தவறிப்போகும்.
- தாக்கும் திசை தெருவின் போக்கிலேயே இருக்கட்டும். குறுக்கே வந்தால் உயரக் கட்டடம் மறைக்கும், இலக்கைக் காட்டும் லேசரையும்தான்.
- நான்காம் வரி, ஆறாம் வரி (இலக்கு இருக்கும் இடம்), கட்டுப்பாடுகள்: விமானி திருப்பிச் சொல்லக் கேட்காமல் நகராதீர்கள்.
- வரலாற்றுக் கேள்விக்கு எல்லோரும் சோமாலியாவின் மொகடிஷுவில் 1993இல் நடந்த சண்டையையே எழுதுகிறார்கள். நான் 'யோடாவில்' (Yodaville) பற்றி எழுதினேன்: விமானிகள் குண்டு போட்டுப் பழக அமெரிக்க மரைன்கள் 1999இல் அரிசோனா பாலைவனத்தில் அமைத்த பொம்மை ஊர். ஆளில்லாத ஊரில் பழகினால் எது விட்டுப்போகும் என்று ஒரு பத்தி சேர்த்தேன்.

"தெரிகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவசரத்தில் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இந்த முறை "என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எல் வடிவக் கூரை, மேலே இரண்டு தண்ணீர்த் தொட்டி."

என் படத்தில் ஒரு தொட்டிதான். "அபார்ட், அபார்ட், அபார்ட்" என்றேன், தாக்குதலை நிறுத்தச் சொல்லி. மறுபடியும் ரவுண்டானாவிலிருந்து ஆரம்பித்தோம்.