எயார் ரைபிளுக்கு அனுமதி தேடிப் போகிறவர்களுக்கு

"எயார் கன்னுக்கு லைசன்ஸ் தேவையில்லை" என்று யாழ்ப்பாணத்தில் சொல்கிறவரிடம், அதை எங்கே கேட்டார் என்று விசாரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டு யூரியூப் காணொளி ஒன்று வரும், அல்லது லண்டனில் இருக்கிற சித்தப்பா வருவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீற்றர் குழலும் 20 யூலுக்கு (யூல் என்பது குண்டின் வலுவை அளக்கும் அலகு) மேற்படாத வலுவும் உள்ள எயார் ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. இங்கிலாந்தில் உரிமம் வேண்டாத ரைபிளுக்கு எல்லை 12 அடி-இறாத்தல், அதாவது 16.27 யூல். ஸ்கொட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அந்த வலுவுக்குக் கீழேயும் சான்றிதழ் வேண்டும். கனடாவில் குண்டின் வேகம் செக்கனுக்கு 152.4 மீற்றரையும் வலு 5.7 யூலையும் சேர்த்துத் தாண்டினால்தான் அது முழுமையாகத் துவக்குச் சட்டத்துக்குள் போகும். ஜேர்மனியில் 7.5 யூலுக்குள் இருப்பவற்றில் ஐங்கோணத்துக்குள் 'எஃப்' எழுத்துக் குத்தியிருக்கும். வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வந்து சேர்கிற துவக்கில் அந்த முத்திரையைக் காட்டி "இது லைசன்ஸ் இல்லாத சாமான்" என்று வாதாடுவார்கள். ஜேர்மன் முத்திரை ஜேர்மனியில்தான் செல்லும்.

இலங்கையில் கேள்வியே வேறு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துவக்குகள் கட்டளைச்சட்டம் யூலும் கேட்கவில்லை, வேகமும் கேட்கவில்லை. அட்டைகளைத்தான் எண்ணுகிறது. ஒவ்வொன்றும் 3/64 அங்குலம் தடித்த வைக்கோல் அட்டைகள், இடையில் அரை அங்குல இடைவெளி, குழல் வாயிலிருந்து 40 அடியில் முதல் அட்டை. குண்டு நேர்குத்தாகப் போய் 11 அட்டைகளைத் துளைக்குமானால் அது துவக்கு. காற்றால் தள்ளினாலென்ன, வெடிமருந்தால் தள்ளினாலென்ன.

கணக்குக்கு: 3/64 அங்குலம் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர். 11 அட்டையும் 10 இடைவெளியும் சேர்ந்தால் ஐந்தரை அங்குலம், ஒரு சாண் கூட வராது. 40 அடி 12.2 மீற்றர். புத்தகம் கட்டுகிற மட்டையை வாங்கி வந்து வீட்டு வளவில் சுட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்குப் பல இடத்தில் பிழைக்கும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் மட்டை. அதில் எட்டோடு நின்ற குண்டு சரியான அட்டையில் 11ஐயும் தாண்டலாம். மாரி காலத்தில் மட்டை ஈரம் குடித்து இளகிவிடும். இடைவெளி விடுகிற மரச்சட்டம் வைக்காமல் அடுக்கினால் எல்லாம் ஒரே பலகைபோல நின்று தடுக்கும். ஸ்பிரிங் ரைபிளின் அறைக்குள் எண்ணெய் கூடிப்போனால் அமுக்கத்தில் அது தீப்பற்றி, முதல் சில குண்டுகளை வழமையைவிட வேகமாகத் தள்ளும். கூர்முனைக் குண்டும் தட்டைமுனைக் குண்டும் ஒரே துவக்கிலிருந்து வேறு வேறு எண்ணிக்கை தரும்.

இதையெல்லாம் சரிசெய்து சுட்டாலும் அந்த முடிவுக்கு நீதிமன்றத்தில் பெறுமதி இல்லை. பொலிஸ் பிடித்த துவக்கைப் பார்த்து அறிக்கை கொடுப்பது அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். இன்னொன்றையும் யோசியுங்கள்: வீட்டில் நீங்களே சுட்டுப் பார்த்ததில் பதினோராவது அட்டையும் துளைபட்டால், அதுவரை உரிமமில்லாத துவக்கை வைத்திருந்தவர் நீங்கள்தான் என்பதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். ஆகவே எங்கள் யோசனை: சுட்டுப் பார்க்காதீர்கள். துவக்கு என்றே எடுத்துக்கொண்டு நடவுங்கள்.

எல்லோரும் துவக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அது முறையல்ல. முதலில் சுட நினைப்பது எந்த உயிர், பிறகு எந்த இடம், கடைசியில்தான் துவக்கு. முதல் இரண்டும் பிழைத்தால் உரிமம் கையில் இருந்தும் பயனில்லை.

உயிரைப் பற்றிச் சொல்வது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம். 1993 இலும் 2009 இலும் பெரிதாகத் திருத்தினார்கள். பழைய பிரதியை வைத்துக்கொண்டு பேசக்கூடாது. பட்டியலில் பெயர் இருந்தால் பாதுகாப்பு, இல்லாவிட்டால் சுடலாம் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். விஷயம் மறுவளம். முலையூட்டிகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் முதலாம் அட்டவணை, பறவைகளுக்கு மூன்றாம் அட்டவணை. அவற்றில் பெயர் இருப்பவைதான் பாதுகாப்புக்கு வெளியே. காகம் அங்கே இருக்கிறது. பெயர் இல்லாத எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. இரண்டாம், நான்காம் அட்டவணைகள் அதற்கும் மேலே, கடும் பாதுகாப்பு.

அட்டவணையை வாசிக்கும்போது விஞ்ஞானப் பெயரைப் பாருங்கள். எங்கள் ஊரில் 'கொக்கு' என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து இனம் அடங்கும், 'புறா'வுக்குள்ளும் அப்படித்தான். கார்த்திகை, மார்கழியில் கடலேரிகளில் வந்திறங்கும் ஊசிவால் வாத்து, உள்ளான், பூநாரை எதையும் தொடக்கூடாது. உடும்பும் அப்படியே, அதன் இறைச்சியைப் பற்றி ஆயிரம் மருத்துவம் சொன்னாலும்.

இடத்தில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவார்கள், ஏனென்றால் எல்லை கண்ணுக்குத் தெரியாது. சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமானது, 2015 இல் தேசிய பூங்காவாக்கினார்கள். நெடுந்தீவிலும் 2015 இல் ஒரு தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது. இவற்றுக்குள் சுடாவிட்டாலும், அனுமதியில்லாமல் துவக்கோடு நிற்பதே குற்றம். பற்றைக்காடும் உவர்நிலமும் ஒரே மாதிரித் தொடர்ந்து போகும். எல்லைப் பலகையைத் தேடிக்கொண்டு நிற்காமல், போகுமுன் வனசீவராசிகள் திணைக்களத்தில் வரைபடத்தைப் பார்த்து, காணியின் துண்டு எங்கே விழுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வளவென்றால் வேறு தலையிடி. பெலட், அதாவது எயார் ரைபிளின் குண்டு, 300 மீற்றருக்கு மேலும் பறக்கும். கிடுகு வேலி அதை மறிக்காது. மரத்தில் இருக்கிற காகத்துக்கு மேல்நோக்கிச் சுட்ட குண்டு யாருடைய கிணற்றடியில் விழும் என்று சுட்டவருக்குத் தெரியாது. கோண்டாவில், கொக்குவில் மாதிரி நெருக்கமான இடங்களில், எந்தச் சட்டமும் இல்லாவிட்டாலும், சுட இடமே இல்லை என்பதுதான் எங்கள் எண்ணம்.

இனிக் கடதாசி. சிறுவேட்டை என்று சொன்னால் யாரும் அதைக் காரணமாக எடுப்பதில்லை. பயிர்ப் பாதுகாப்புத்தான் காரணம், அதுவும் உண்மையாக இருக்கவேண்டும். விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தல், கமநல சேவை நிலையத்தில் பயிர்ச்சேதம் பற்றிய கடிதம், காணி உறுதி, பொலிஸ் அறிக்கை. பிரதேச செயலகம் வழியாகக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகும் கோவை இது. கோவை இரண்டு இடத்தில் சிக்கும். ஒன்று உறுதி: காணி இன்னும் பங்கு பிரிக்காமல் ஐந்து சகோதரர் பெயரில் இருக்கும், நாலு பேர் வெளிநாட்டில். பயிர் செய்கிறவரின் பெயரில் ஒன்றும் இராது. அற்றோணித் தத்துவத்தையோ (அவர்களுக்காக நீங்கள் செயற்படலாம் என்கிற அதிகாரப் பத்திரம்) குத்தகை எழுத்தையோ முதலே ஆயத்தப்படுத்துங்கள். கடிதம் கேட்ட பிறகு கனடாவுக்கு எழுதிக்கொண்டிருந்தால் போகம் முடிந்துவிடும். மற்றது இலக்கம். பல எயார் ரைபிள்களில் மாதிரிப் பெயர் மட்டும்தான் இருக்கும், தொடர் இலக்கம் இராது. குழலின் பின்பகுதி, விசைக்கூட்டின் அடிப்பக்கம், தோளில் அணைக்கிற கட்டையைக் கழற்றினால் தெரியும் உள்பக்கம் எல்லாம் தேடிப் பார்த்து, இல்லையென்றால் இல்லையென்றே எழுதுங்கள். மாதிரி இலக்கத்தைத் தொடர் இலக்கமென்று எழுதிக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வரும்.

உரிமம் கிடைத்தாலும் அது டிசம்பர் 31 வரைதான். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கொன்ரெயினரில் சட்டி பானையோடு போட்டு அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சின் முன் அனுமதி இல்லாமல் கூடாது. குழல் ஒரு பெட்டியில், கட்டை ஒரு பெட்டியில் என்று பிரித்து அனுப்பும் கெட்டித்தனம் இன்னும் மோசம். சுங்கத்தில் அகப்பட்டால் மறைத்துக் கொண்டுவந்ததாகத்தான் எடுப்பார்கள், மறந்துபோனதென்று சொல்ல வழியில்லை.

கடைசியாக, தகப்பன் காலத்து இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிற பழைய ரைபிள். உரிமம் ஆளுக்குரியது, துவக்கோடு பிள்ளைக்கு வராது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பொலிஸுக்கு நடக்கவேண்டாம். வழியில் மறித்தால் விளக்கம் சொல்லி முடியாது. முதலில் விதானையாரோடு போய்ச் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுக்கட்டும். கொடுக்குமுன் குழலுக்குள் குண்டு இல்லை, ஸ்பிரிங் இழுபட்டு நிற்கவில்லை என்பதைப் பாருங்கள். பற்றுச்சீட்டில் மாதிரியும் இலக்கமும், இலக்கம் இல்லையென்றால் அந்தக் குறிப்பும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே வாசித்துவிட்டுக் கையொப்பம் வையுங்கள்.