நண்டுச் சீட்டு

பாம்பன் கரையில் காலையில் நண்டு ஏலம் முடிந்ததும் அண்ணன் ஒருவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். டீசல், ஐஸ், வலைக் கூலி, கமிஷன், அப்புறம் ஆள் பங்கு.

ஈரம் பட்டு ஒரு எண் கலைந்தது.

"அது என்னண்ணே, ஐஸா?" என்றான் கூட வந்த பையன். அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

என் போனில் ஒரு பில் கிடந்தது. கடற்புல் பற்றிய என் ஆய்வுக் கட்டுரையை, யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் ஒன்று ஏற்றிருக்கிறது. வெளியீட்டுக் கட்டணம் என்று ஒரே வரி, ஒரே தொகை, அதுவும் டாலரில். எதற்கு எவ்வளவு என்று கேட்டேன். விலைப்பட்டியல் லிங்க்கை அனுப்பினார்கள்!

கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பாய்வாளர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. (நானே எத்தனையோ முறை சும்மா பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.) அப்படியிருக்க, நேச்சர் அறிவியல் இதழ் 2020இல் ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிட அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. ஐரோப்பாவில் ஆய்வுக்குப் பணம் தரும் அமைப்புகள் 2018இல் தொடங்கிய பிளான் எஸ் என்ற திறந்த அணுக்கத் திட்டம், செலவைப் பிரித்துக் காட்டுங்கள் என்று பதிப்பகங்களைக் கேட்டது. பையன் கேட்டதும் அதைத்தானே.

அண்ணன் சீட்டை நாலாக மடித்து அவனிடம் கொடுத்தார்.

நான் இன்னும் பணம் கட்டவில்லை.